குடைக்கு இன்னொரு வேலை

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போயிருந்தபோது, வெளியூர் வாகனங்களால் நெரிந்து கிடந்த வீதியோரத்து ஏடிஎம் ஒன்றில் பத்தாயிரம் ரூபாய் எடுத்தேன். அட்டை உள்ளே போகையில் வழக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக இருந்தது. பின்னால் நீண்ட வரிசை, தூறல் வேறு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, ஹட்டனில் எங்கள் வீட்டில் அதிகாலை இரண்டரை மணிக்குக் கைத்தொலைபேசி இருமுறை அதிர்ந்தது. நான் கால் வைத்தே இராத நாடொன்றில் என் கணக்கிலிருந்து இரண்டு தடவை பணம் எடுக்கப்பட்டிருந்தது. அட்டையோ தலைமாட்டில், பணப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

அட்டை தொலையாமலே காசு தொலைவது எப்படி என்பதுதான் அம்மாவுக்கு விளங்கவில்லை. அட்டையின் பின்புறத்திலுள்ள கறுப்புக் காந்தப் பட்டையில் கணக்கோடு தொடர்புடைய இலக்கம், காலாவதித் திகதி, இன்னும் சில குறியீடுகள் என்றும் மாறாதபடி பதிந்திருக்கின்றன. மோசடிக்காரர்கள் ஏடிஎம்மின் அட்டை வாயின் மீது அதே நிறத்திலும் வடிவத்திலும் செய்த ஒரு பொய்முகத்தைப் பொருத்திவிடுகிறார்கள். நாம் செருகும் அட்டை அதைத் தாண்டித்தான் உண்மையான வாய்க்குள் போகிறது, போகும் வழியிலேயே பட்டை படிக்கப்பட்டுவிடுகிறது. பிறகு அந்த விபரத்தை வெற்று அட்டையொன்றில் எழுதிக்கொண்டால் நகல் தயார். முன்புறத்தில் பொன்னிறமாகத் தெரியும் சில்லு அப்படியல்ல. அது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குவதால், நேற்றையதைத் திருடியவனுக்கு இன்று பயனில்லை. இதைச் சொன்னதும், இன்றைக்கும் கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, "அப்ப பட்டையில இருக்கிறது பேர் நம்பர் மாதிரி, சில்லுல இருக்கிறது அன்னன்னைக்கு நிறுவை மாதிரி" என்றார். தோட்டப் பதிவில் ஒருவருக்குரிய பேர் நம்பர் மாறாது, பறித்த கொழுந்தின் நிறுவை நாளுக்கு நாள் மாறும். வங்கி ஊழியர் எனக்கு அரை மணி நேரம் விளக்கியதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சில்லு இருந்தும் என் பணம் போனதற்குக் காரணம், பட்டையை இன்னும் ஏற்றுக்கொள்ளும் இயந்திரங்கள் சில நாடுகளில் இருப்பதுதான். ஏறக்குறைய தனது எல்லா அட்டைகளிலிருந்தும் 2033க்குள் பட்டை நீங்கிவிடும் என்று மாஸ்டர்கார்ட் 2021இல் அறிவித்தது. அதுவரை பட்டையோடுதான் காலம் தள்ள வேண்டும்.

ஆனால் இரகசிய இலக்கம் அந்தப் பட்டையில் இல்லை. ஆகவே ஏடிஎம்மில் காசெடுக்க நினைக்கும் திருடன் இரண்டு தடவை திருட வேண்டும்: பட்டையை ஒரு தடவை, இலக்கத்தை இன்னொரு தடவை. இரண்டாவதற்காக விசைப்பலகைக்கு மேலே ஊசித்துளை அளவு கமராவை ஒளித்துவைப்பார்கள். அரிதாக விசைப்பலகையின் மீதே இன்னொரு பொய்ப்பலகையை ஒட்டுவார்கள். முதல் திருட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். வாயை விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், நானும் இப்போது பார்க்கிறேன். ஆனால் மோசடியைத் தடுக்க வங்கியே பொருத்தும் பச்சை நிறப் பிளாஸ்டிக் புடைப்பும் பொய்முகம் போலவே தோன்றுவதால், அந்தச் சோதனையை மட்டும் நம்பியிருக்க முடியாது. இரண்டாவது திருட்டைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. ஒரு கையால் அழுத்தும்போது மற்றக் கையை விசைகளுக்கு மேலே கூரைபோல் பிடித்தால் பெரும்பாலான கமராக்களுக்கு எதுவும் தெரியாது. மலைநாட்டில் நம்மிடம் குடையும் இருக்கிறதே! நான் அதை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டே இலக்கத்தை அழுத்துகிறேன். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பணப்பைக்குள் இருக்கும் அட்டையையே யாராவது தூரத்திலிருந்து படித்துவிடுவார்களோ என்ற பயத்தில், அட்டையைப் போட்டுவைக்க அலுமினியத் தாள் உறைகளைப் பலர் வாங்குகிறார்கள். தொடாமல் செலுத்தும் அட்டைகள் சில சென்றிமீற்றர் தூரத்துக்குள்தான் வேலை செய்கின்றன, ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டையே தருகின்றன என்பதால், அந்த உறைக்குச் செலவிடுவது வீண் என்பது என் எண்ணம். அதைவிட, வெளிநாட்டுப் பாவனையை முடக்கிவைக்குமாறும் நாளாந்த எல்லையைக் குறைக்குமாறும் வங்கியிடம் கேட்பது மேல். குறுஞ்செய்தி அறிவித்தல் இல்லாதிருந்தால் நான் மாதக் கடைசிவரை தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். வங்கியின் அவசரத் தொலைபேசி இலக்கத்தை வேறெங்காவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் அட்டையை விழுங்கினால், அட்டையின் பின்னால் அச்சிட்ட இலக்கமும் அதோடு போய்விடும். அப்படியான வேளையில் உதவிக்கு வரும் முன்பின் தெரியாதவரிடம் இரகசிய இலக்கத்தைச் சொல்லாமல், அங்கேயே நின்று வங்கியை அழைக்க வேண்டும்.

இங்கே எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. பத்தாம் திகதி சம்பள நாளில் டவுனுக்குப் போகும் ஒரு பையனிடம், லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) நான்கைந்து பேர் அட்டையைக் கொடுத்து, இலக்கத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புகிறார்கள். பையன் நல்லவன்தான், ஆனால் அந்தத் துண்டு அவன் சட்டைப்பையிலிருந்து எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கொடுப்பனவு அட்டை மோசடிகளுக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. இருந்தும், இலக்கத்தை நாமே எழுதிக் கொடுத்திருந்தால் முறைப்பாடு செய்யும்போது வங்கி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்லத் தடுமாற வேண்டியிருக்கும்.

நான் அன்று விடியுமுன்பே அழைத்து அட்டையை நிறுத்தி, காலையில் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பொலிஸிலும் பதிவு செய்தேன். இரண்டு மாதங்கள் அலைந்த பிறகு பணம் திரும்பி வந்தது. அம்மாவும் அதன் பிறகு தன் அட்டையை யாரிடமும் கொடுத்தனுப்புவதில்லை. சென்ற பத்தாம் திகதி காசெடுக்க என்னோடுதான் டவுனுக்கு வந்தார். உதவலாமென்று நான் பக்கத்தில் போனபோது, குடையை என் பக்கமாகவும் சாய்த்துக்கொண்டார்.