கழிவில் உலோகம் தேடும் நுண்ணுயிர்களும் செடிகளும்

கழிவிலிருந்து உலோகத்தை மீட்பது குறித்த செய்திகளில், பாக்டீரியா உலோகத்தைத் தின்பதாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. படிக்கச் சுவையாக இருந்தாலும், இந்த முறை எங்கே எளிதாக நடக்கும், எங்கே திணறும் என்பதை அந்த விளக்கம் மறைத்துவிடுகிறது.

நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் அமில நீரில் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து வாழும் ஒரு பாக்டீரியத்தை கோல்மர், ஹின்கிள் என்ற ஆய்வாளர்கள் 1947-இல் அறிவித்தனர். அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்ஸிடன்ஸ் என்று இன்று அழைக்கப்படும் அது, இரும்பின் ஃபெரஸ் அயனியை, அதைவிட ஓர் எலக்ட்ரான் குறைந்த ஃபெர்ரிக் அயனியாக மாற்றும்போது கிடைக்கும் ஆற்றலில் வாழ்கிறது. தாதுவை அரிப்பது பெரும்பாலும் இந்த ஃபெர்ரிக் அயனிதான். அரிக்கும்போது அது மறுபடியும் ஃபெரஸாகிவிட, பாக்டீரியம் அதைத் திரும்ப ஃபெர்ரிக் ஆக்குகிறது. சல்பைடு தாதுக்களில் பெரும்பாலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தே இருப்பதால், உணவுக்கும் அமிலத்துக்கும் அது வெளியே போக வேண்டியதில்லை.

உகாண்டாவின் கிலெம்பே செப்புச் சுரங்கம் விட்டுச்சென்ற பைரைட் (இரும்பு சல்பைடு) கழிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்து, மழைக்காலத்தில் அமிலத்தை வடியவிட்ட அந்தக் குவியலில் கோபால்ட் ஏறத்தாழ 1.4 விழுக்காடுதான் இருந்தது. 1999-இல் கசேசேயில் தொடங்கிய ஆலை, அதைக் காற்றூட்டப்பட்ட தொட்டிகளில் பாக்டீரியாவைக் கொண்டு கரைத்துக் கோபால்ட்டை எடுத்தது. சூழலைக் கெடுத்துக்கொண்டிருந்த அதே வேதிவினை தொட்டிக்குள் அடைக்கப்பட்டதும் வருவாய் தரும் வினையாயிற்று.

மின்னணுக் கழிவில் நிலைமை வேறு. 2022-இல் உலகம் உருவாக்கிய 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் கால் பங்குக்கும் குறைவானதே முறைப்படி சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டது என்பதால், இங்கேதான் எதிர்பார்ப்பு அதிகம். ஆனால் சர்க்யூட் போர்டில் உள்ள செம்பு உலோக வடிவிலேயே இருப்பதால், இந்தப் பாக்டீரியத்துக்கு அதில் உணவு எதுவும் இல்லை. இரும்பு உப்பையோ கந்தகத்தையோ நாம்தான் கொடுக்க வேண்டும். அது ஆக்கித்தரும் ஃபெர்ரிக் அயனி செம்பைக் கரைக்கும். போதாக்குறைக்கு, அரைத்த போர்டுத் தூள் அமிலத்தைக் குடித்துவிடுகிறது. கரைந்து சேரும் உலோகங்களே நுண்ணுயிரை நஞ்சாகத் தாக்குகின்றன. ஆகவே முதலில் பாக்டீரியாவைத் தனியே வளர்த்து, பிறகு அந்தக் கரைசலைத் தூளின் மீது பாய்ச்சும் இரண்டு கட்ட முறையை ஆய்வாளர்கள் பலர் நாடுகிறார்கள். உலோகத்தை உருக்கிப் பிரிக்கும் உலை சில மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு இதில் பல நாட்கள் ஆகும். உலோகம் செறிந்த போர்டுகளுக்கு உலையே போதும் என்றும், உலைக்குக் கட்டுப்படியாகாத வறிய கழிவுக்குத்தான் நுண்ணுயிர் என்றும் நான் பிரித்துப் பார்க்கிறேன்.

தங்கம் ஃபெர்ரிக் கரைசலுக்கு அசைந்து கொடுப்பதில்லை. குரோமோபாக்டீரியம் வயோலேசியம், கிளைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து சயனைடை உண்டாக்கி அதைக் கரைக்க வல்லது. எனினும் போர்டில் செம்பு மிச்சம் இருந்தால் அதுவே சயனைடை முதலில் பிடித்துக்கொள்ளும். எனவே செம்பை நீக்கிய பிறகே தங்கத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

மண்ணிலிருந்து உலோகத்தை உறிஞ்சித் தம்முள் சேர்த்துக்கொள்ளும் செடிகளின் கணக்கோ பருவங்களில் நடப்பது. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் பிக்னாண்ட்ரா அக்யுமினாட்டா என்ற மரத்தை வெட்டினால் நீலப்பச்சை நிறப் பால் வடிகிறது. காய்ந்த பாலில் நான்கில் ஒரு பங்கு நிக்கல். மெதுவாக வளரும் அந்த மரத்தைப் பயிரிட்டு அறுவடை செய்ய முடியாது என்பது வேறு. பயிராக்கத் தக்கது ஓடொண்டரீனா இனச் செடி: அல்பேனியாவில் நடந்த சோதனைகளில் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ நிக்கல் கிடைத்தது. செடியை உலர்த்தி எரித்தால், அந்தச் சாம்பலில் தாதுவைவிட நிக்கல் செறிவு பல மடங்கு கூடுதலாக இருக்கும். கடுகுச் செடியைக் கொண்டு தங்கம் எடுக்கலாம் என 1998-இல் காட்டப்பட்டதும் உண்மைதான்; ஆனால் அதற்கு மண்ணில் தயோசயனேட் என்ற வேதிப்பொருளை இட்டுத் தங்கத்தைக் கரைக்க வேண்டும். திறந்த வயலில் அதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிக்கல் செடியையும் கண்ணை மூடிக்கொண்டு விதைத்துவிட முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இதற்காகக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டு இனங்கள் வயலைத் தாண்டிப் பரவி, களையெனப் பட்டியலிடப்பட்டன. மலேசியாவின் சபாவில் அம்மண்ணுக்கே உரிய ஃபில்லாந்தஸ் ரூஃபுஸ்சேனி என்ற நிக்கல் செடியை வைத்துச் சோதனை நடப்பதே எனக்குச் சரியான வழியாகத் தோன்றுகிறது.