சீட்டித் துணி போய்ச் சேர்ந்த ஊர்

மே 6, லீவார்டன், நெதர்லாந்து

ஃப்ரீஸ்லாந்து அருங்காட்சியகத்தில் பகல் முழுவதும் கழிந்தது. டச்சுக்காரர்கள் ‘சிட்ஸ்’ என்பது நம் சீட்டித் துணியைத்தான். பழவேற்காடு, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் என்று சோழமண்டலக் கரையெங்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணி. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிய பருத்தியில் படிகாரத்தால் கோலம் எழுதி, சாயவேரில் கொதிக்கவைத்தால் எழுதிய இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு, வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரியில் முக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு எழுதியவர் பெயர் ஒரு துணியிலும் இல்லை. எனக்கு அது ஆறவில்லை.

மே 7, ஹிண்டலோப்பன்

ரயில் நிலையத்திலிருந்து வயல்வெளி வழியே நடந்தேன். காற்று ஆளைத் தள்ளியது. ஊர் சிறியது, ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மாலுமிகள். பால்டிக் கடலுக்குப் போய்வந்த அவர்கள், ஆம்ஸ்டர்டாம் சந்தையில் இந்தியத் துணி வாங்கி வந்தார்கள். அதில் தைத்ததுதான் ‘வென்ட்க’: முன்பக்கம் திறந்த, கணுக்கால் வரை நீண்ட பெண்கள் அங்கி. கொண்டாட்டத்துக்குச் சிவப்புப் பூக்கள். துக்கத்துக்கு நீலமும் வெள்ளையும். அந்த நீல அங்கியின் முன்தான் அதிக நேரம் நின்றேன். கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில், யாரோ ஒருத்தி நம் கரையின் அவுரியை உடுத்தி அழுதிருக்கிறாள். துணி எழுதியவருக்கு அவளைத் தெரியாது. அவளுக்கும் அவரைத் தெரியாது.

மே 8

மழை. வெளியே போகவில்லை.

மே 9, ஸ்பாகன்பர்க்

1932-இல் பெரிய அணை கட்டி சௌடர்சே கடலை ஏரியாக்கியதிலிருந்து மீன்பிடித் தொழில் தேய்ந்த ஊர். ஆனாலும் மூதாட்டிகள் சிலர் இன்றும் பழைய உடையில்தான் கடைக்குப் போகிறார்கள். தோளில் ‘க்ராப்லாப்’: கஞ்சி போட்டுப் பலகைபோல் விறைப்பாக்கிய பூத்துணி. மார்பிலும் முதுகிலும் அகலமாக விரிந்து நிற்கிறது. முற்காலத்தில் இதற்கும் சீட்டித் துணியே. கிழிந்த அங்கியின் துண்டைக்கூட வீணாக்காமல் குழந்தைக்குத் தொப்பி தைத்தார்களாம்.

ஒரு பாட்டியிடம், இந்தப் பூக்கள் முதலில் எங்கள் கடற்கரையில் எழுதப்பட்டவை என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் தோள்துணியின்மேல் வைத்தார். அப்பளம்போல மொடமொடவென்றிருந்தது.