கால்நடை மருத்துவராக எந்த மேஜர் எடுப்பது?

அமெரிக்காவில் வளரும் பிள்ளை கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று சொன்னதும், தமிழ் அப்பாக்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எந்த மேஜர் எடுத்தால் சீட் கிடைக்கும்?” மேஜர் என்றால் இளங்கலையின் முதன்மைப் பாடம். அவர்கள் அறிந்த வழி வேறு. தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் உயிரியல் படித்து மதிப்பெண் இருந்தால், நேரே வேப்பேரிக்கோ நாமக்கல்லுக்கோ போய் ஐந்தரை ஆண்டில் பி.வி.எஸ்ஸி. முடித்துவிடலாம். இங்கே பொதுவாக முதலில் நான்கு ஆண்டு இளங்கலை, பிறகு நான்கு ஆண்டு டிவிஎம் என்ற கால்நடை மருத்துவப் பட்டம். (பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மட்டும் தன் பட்டத்தை விஎம்டி என்று அழைக்கிறது, படிப்பு ஒன்றுதான்.) முன்னால் ஒரு பட்டம் நிற்பதால் அதன் பெயரில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

கால்நடை மருத்துவக் கல்லூரிகள் மேஜரின் பெயரைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. ‘ப்ரீ-வெட்’ என்பதுகூடப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பட்டம் அல்ல. இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு ஆலோசகர் ஒருவரை ஒதுக்குவதற்கான அடையாளம், அவ்வளவே. நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு வந்தேன். கால்நடை மருத்துவக் கல்லூரியில் என் வகுப்பில் விலங்கு அறிவியலும் உயிரியலும் படித்தவர்களே அதிகம் என்றாலும், இசை படித்தவரும் கணக்கியல் படித்தவரும் அதே மேசையில் நாயின் தசைகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் முக்கியமில்லை என்றால் எது முக்கியம்? ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடும் கட்டாயப் பாடங்களின் பட்டியல். பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், உயிரியல், இயற்பியல், மரபியல், புள்ளியியல் ஆகியவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் வரும். தொல்லை கொடுப்பவை மற்றவை. ஒரு கல்லூரி ஆய்வகத்தோடு நுண்ணுயிரியல் கேட்கும், இன்னொன்று விலங்கு ஊட்டச்சத்து கேட்கும், மூன்றாவது மேடைப் பேச்சுக்கு ஒரு பாடம் கேட்கும். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதிய ஏபி தேர்வைச் சில கல்லூரிகள் ஏற்கும், சில ஏற்காது. பல ஆண்டுகளுக்கு முன் படித்த அறிவியல் பாடங்களைக் காலாவதி என்று ஒதுக்கும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே முதலாண்டிலேயே ஒரு அட்டவணை போட்டு, இடப்புறம் பாடங்களையும் மேலே கல்லூரிகளையும் எழுதுங்கள். கல்லூரிகளில் முதலாவதாக உங்கள் மாநிலக் கல்லூரி இருக்கட்டும். அரசுக் கல்லூரிகளில் மாநிலத்தவருக்கென்று இடங்கள் ஒதுக்கியிருப்பார்கள், கட்டணமும் குறையும். உங்கள் மாநிலத்தில் கல்லூரியே இல்லையென்றால், அண்டை மாநிலத்தோடு இட ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கு மாநிலங்கள் சிலவற்றுக்கு வைச்சி (WICHE) என்ற அமைப்பின் மூலம் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு.

அந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மேஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டத்துக்கே தேவையான பாடங்களும் பட்டியலில் உள்ள பாடங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு நல்லது. ஒத்துப்போகாவிட்டாலும் முடியும், ஆனால் விருப்பப் பாடத்துக்கான இடமெல்லாம் கரிம வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் போய்விடும். எங்கள் இசை மாணவர் கோடை விடுமுறைகளில் கூட வகுப்பில் இருந்தாராம்.

அடுத்தது மதிப்பெண். பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பம் விஎம்காஸ் (VMCAS) என்ற பொதுச் சேவை வழியாகப் போகிறது. மொத்த ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), அறிவியல் பாடங்களின் ஜிபிஏ, கடைசியாகப் படித்த 45 கிரெடிட்டின் (பாட அளவுப் புள்ளி) ஜிபிஏ என்று அது தனித்தனியே கணக்கிடும். ஒரு பாடத்தில் சறுக்கி மறுபடி எடுத்தால் உங்கள் பல்கலைக்கழகம் பழைய மதிப்பெண்ணை மறைத்துவிடலாம். விஎம்காஸ் இரண்டையும் சேர்த்தே கூட்டும். இதனால்தான் உயிர்மருத்துவப் பொறியியல் போன்ற, பெயர் கேட்டாலே உறவினர்கள் புருவம் உயர்த்தும் மேஜர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் உண்மையான ஆர்வம் இருந்தால் சரி. கௌரவத்துக்காக எடுத்து 3.2 ஜிபிஏயோடு வந்தால், “கடினமான மேஜர் ஆயிற்றே” என்று யாரும் கருணை காட்டுவார்கள் என எதிர்பார்க்கக் கூடாது.

விலங்கு அறிவியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தத் துறை பெரும்பாலும் 1862 மோரில் சட்டத்தின் வழியே நிலம் பெற்று வளர்ந்த வேளாண் மரபுப் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கும். யுசி டேவிஸ், அயோவா ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் எல்லாம் அந்த வகை. ஐவி லீக் என்ற பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களில் கார்னெல் இதே மரபில் வந்தது. இங்கே ஊட்டச்சத்து, இனப்பெருக்கம், மரபியல் எல்லாம் பட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். அதைவிடப் பெரிய லாபம் தொழுவம். புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில், “நாய் வேண்டாம், முடி கொட்டும்” என்ற அம்மாவோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மாடு என்பது ஊருக்குப் போகும்போது தூரத்தில் பார்த்த ஒன்று. ஆடு குட்டி போடும் பருவத்தில் இரவுக் காவல் இருப்பது, பசுவின் பின்னால் எங்கே நின்றால் உதைபடாது என்று தெரிந்துகொள்வது, இதெல்லாம் பாடமாகவே கிடைக்கும் இடம் அதுதான். மேல்வகுப்புகள் சிறியவை என்பதால் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியும். பரிந்துரைக் கடிதத்தில் அது தெரியும். ஆனால் அந்தத் துறைக்குள்ளேயே உற்பத்தி, வணிகம் என்று பிரிவுகள் இருக்கும். அவற்றில் முழு ஆண்டுக் கரிம வேதியியலோ இயற்பியலோ இல்லாமல் போகலாம். அறிவியல் பிரிவையே எடுங்கள்.

உயிரியலில் கட்டாயப் பாடங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். விலங்கு மட்டும் இருக்காது. முதலாண்டு வகுப்புகள் அரங்கு நிறையக் கூட்டமாக இருக்கும் என்பதால் கடிதம் எழுத ஒரு பேராசிரியரை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் இரண்டும் ஆய்வகத்தை விரும்புகிறவர்களுக்கு. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் கால்நடை மருத்துவக் கல்லூரியே உயிர்மருத்துவ அறிவியலில் ஓர் இளங்கலைப் பட்டம் நடத்துகிறது. அங்கே இருக்கிறவர்கள் அதையும் பார்க்கலாம்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். முதல் முறை கிடைக்காமல் மறுபடி விண்ணப்பித்து வந்தவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அந்த இடைவெளியில் சோறு போட மேஜர் உதவ வேண்டும். நுண்ணுயிரியல் நோயறி ஆய்வகங்களுக்கு வழி காட்டும், விலங்கு அறிவியல் தீவன நிறுவனங்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும். ஒன்றைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: விலங்கு அறிவியல் பட்டம் இருந்தால் மட்டும் கால்நடை மருத்துவருக்கு உதவும் பதிவு பெற்ற கால்நடைத் தொழில்நுட்பராகிவிட முடியாது, பொதுவாக அதற்கென்று அங்கீகாரம் பெற்ற தனிப் படிப்பு தேவை.

மேஜர் தேர்வில் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று நேரம். கால்நடை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யும் வேலை கால்நடை மருத்துவ அனுபவம். காப்பகத்தில் நாயைக் குளிப்பாட்டுவது விலங்கு அனுபவம். விஎம்காஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பகுதி. யுசி டேவிஸ் குறைந்தது 180 மணி நேரக் கால்நடை மருத்துவ அனுபவம் கேட்கிறது. சேர்கிறவர்களிடம் அதைவிடப் பல மடங்கு இருக்கும். வாரத்தில் ஐந்து நாளும் பிற்பகலில் ஆய்வகம் வைக்கும் மேஜரை எடுத்தால் கிளினிக்குக்கு எப்போது போவீர்கள்? ஒரு முழு நாளாவது வகுப்பில்லாமல் அமைக்க முடிகிறதா என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் விண்ணப்பத்தை எழுதி, செப்டம்பர் நடுவில் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குள் மணி நேரங்களும் சேர்ந்திருக்க வேண்டும், கட்டாயப் பாடங்களில் பெரும்பகுதியும் முடிந்திருக்க வேண்டும்.

பணம். 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்கும் டிவிஎம் போன்ற தொழிற்படிப்பு மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசுக் கடனின் உச்சம் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர். மீதியைக் கூடுதலாகக் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இனி இல்லை. பல கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்கு இது போதாது. எனவே இளங்கலைக்கு விலையுயர்ந்த தனியார் பல்கலைக்கழகத்தில் சேமிப்பைக் கரைக்காதீர்கள். பெயரில்லாத அரசுப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய 3.9 கதவைத் திறக்கும்.

பெற்றோரின் எச்1பி வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. 21 வயதில் அந்த விசா போய்விடும். டிவிஎம் தொடங்கும் வயதோ அதற்கு மேல். கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்1 விசாவில் வெளிநாட்டு மாணவராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசுக் கடன் கிடைக்காது. வெளிநாட்டு மாணவர்களை எடுக்கவே எடுக்காத கல்லூரிகளும் உண்டு. அட்டவணையில் அதற்கும் ஒரு வரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜர் என்றால், எஃப்1 மாணவர்கள் படிப்புக்குப் பின் பெறும் ஓபிடி வேலை அனுமதி கூடுதலாக 24 மாதம் நீளும். விலங்கு அறிவியலும் நுண்ணுயிரியலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்த வீடுகளில் மேஜர் பற்றிப் பேசத் தொடங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.