இணைப்பதற்கு முன் துண்டிக்கும் விதியை எழுதுங்கள்

பல மருத்துவமனைகள் சேர்ந்து பொதுவான நோயாளிப் பதிவேடும் ஸ்கேன் படக் காப்பகமும் நடத்தத் தீர்மானித்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு மென்பொருள் பக்கம் ஓடிவிடுகிறது. மருத்துவப் பதிவுத் துறையில் வேலை செய்பவன் என்பதால் இத்தகைய கூட்டங்களில் நானும் உட்காருவதுண்டு. அங்கெல்லாம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான்: நள்ளிரவில் ஒரு மருத்துவமனையின் கணினிகளில் வைரஸ் பரவுவது தெரிந்தால், அதைப் பொது வலையமைப்பிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு? இயக்குநரை எழுப்பி அனுமதி வாங்க வேண்டுமா, பணியிலிருக்கும் பொறியாளரே செய்யலாமா?

அயர்லாந்தில் நடந்ததை எல்லாரும் படிக்க வேண்டும். 2021 மே 14 அன்று அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதலில் முடங்கியது. ஊடுருவலோ மார்ச் 18 அன்றே, ஓர் ஊழியர் திறந்த எக்செல் கோப்பு வழியாகத் தொடங்கியிருந்தது. இடைப்பட்ட எட்டு வாரங்களில் எச்சரிக்கைகள் வரத்தான் செய்தன. சைபர் பாதுகாப்புக்கென்று உயர்மட்டத்தில் ஒரு தனிப் பொறுப்பாளர் இல்லை என்று பிறகு வந்த சுயாதீன அறிக்கை சொன்னது. எச்சரிக்கை வந்து சேர்ந்தாலும் முடிவெடுக்க ஆள் வேண்டும் அல்லவா?

தாக்குதல் அபூர்வம். அன்றாடத் தலைவலி வேறு: நோயாளி அடையாளம். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் இருவரின் பதிவுகளை ஒரு மருத்துவமனையில் யாரோ தவறாக இணைத்துவிட்டால், ஒருவரின் பென்சிலின் ஒவ்வாமை மற்றவரின் பக்கத்தில் ஏறிவிடும். உண்மையாகவே ஒவ்வாமை உள்ளவரின் குறிப்பு காணாமலும் போகலாம். பதிவேடு பொதுவானது என்பதால் அடுத்த நொடியே எல்லா மருத்துவமனைகளிலும் அதே தவறு தெரியும். யார் பிரிப்பது? இணைத்தவரா, கண்டுபிடித்தவரா, மையக் குழுவா? இடைப்பட்ட நேரத்தில் அதைப் பார்த்து மருந்து எழுதிய மருத்துவருக்கு யார் தகவல் சொல்வது? ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. எனக்கு இதில் கோபமே வருகிறது.

பதிவேட்டை நடத்தும் குழுவில் வாக்குரிமையையும், அதன் செலவையும் பிரித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. செலவைப் படுக்கை எண்ணிக்கைப்படியோ பயன்பாட்டின்படியோ பகிரலாம். வாக்கு, கூட்டுறவுச் சங்கத்தைப் போல, மருத்துவமனைக்கு ஒன்று. அதிகப் பணம் தருபவருக்கே அதிக வாக்கு என்றால், சிறிய மருத்துவமனைகள் உறுப்பினர் என்ற நிலையிலிருந்து வாடிக்கையாளர் நிலைக்கு இறங்கிவிடும். தங்கள் பதிவுகளை முழுமையாக ஏற்றும் ஆர்வமும் குறையும். நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கும் குழுவில் வாக்கு வேண்டும். நெதர்லாந்தில் தேசிய மின்னணு நோயாளிப் பதிவேட்டுச் சட்டத்தை 2011 ஏப்ரலில் செனட் நிராகரித்தது. தனியுரிமை பற்றிய அச்சமே முக்கியக் காரணம். அதன்பின் அதற்கான தகவல் பரிமாற்ற அமைப்பை மருத்துவச் சேவையாளர்களின் சங்கம் ஒன்று ஏற்று, நோயாளியின் சம்மதத்தின் அடிப்படையில் நடத்தியது. தொழில்நுட்பம் ஏறக்குறைய அதேதான். பொறுப்பாளர் மாறினார், சம்மத விதி மாறியது.

நிறுவனங்கள் தங்களுக்குள் தரவு பரிமாறிக்கொள்ளும் எஸ்டோனியாவின் எக்ஸ்-ரோடு அமைப்பு இன்னொரு வழியைக் காட்டுகிறது. அங்கே தரவு அந்தந்த நிறுவனத்திடமே இருக்கும். கேள்வியும் பதிலும் மட்டும் மின்கையொப்பத்துடன் பயணித்துப் பதிவாகும். அதன் மென்பொருளை வளர்க்க எஸ்டோனியாவும் பின்லாந்தும் 2017இல் லாபநோக்கற்ற கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. நாடுகளுக்கே சாத்தியமானால் மருத்துவமனைகளுக்கும் சாத்தியம்தான்.

கடைசியாக, வெளியேறும் விதி. விலகும் மருத்துவமனைக்கு அதன் பதிவுகள் வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய பொதுத் தர வடிவில், குறித்த மாதங்களுக்குள் கிடைக்க வேண்டும். அதன் நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்களைப் பிறர் எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம், அழித்ததற்கான சான்றிதழில் யார் கையெழுத்திடுவார் என்பதும், சேரும் நாளிலேயே எல்லாரும் ஒப்பமிடும் அதே தாளில் இருக்க வேண்டும்.