அவருக்கும் மாத்திரை வேண்டும்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் முடிவு வாங்க வந்த இளம்பெண் ஒருவர், தாளில் இருந்த ‘கிளமிடியா’ என்ற பால்வினைத் தொற்றின் பெயர்மீது விரலை வைத்துக்கொண்டே, “அவருக்குத்தான் ஒண்ணும் இல்லையேக்கா, அவர் எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?” என்று கேட்டார். மருத்துவர் இருவருக்கும் மருந்து எழுதியிருந்தார். கணவருடைய சீட்டை மட்டும் அந்தப் பெண் நான்காக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்திருந்தார். வரிசையில் ஆட்கள் நின்றதால் நான் இரண்டே வாக்கியங்களில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கிளமிடியா டிராக்கோமாட்டிஸ் என்னும் பாக்டீரியா நம் உயிரணுவுக்குள் புகுந்துதான் பெருக முடியும். உள்ளே இரண்டு மூன்று நாட்கள் பெருகி, அந்த உயிரணுவிலிருந்து வெளியேறி, அடுத்ததைப் பற்றுகிறது. பெண்களுக்குக் கருப்பை வாயிலும், ஆண்களுக்குச் சிறுநீர் வடிகுழாயிலும், இருபாலருக்கும் ஆசனவாயிலும் தொண்டையிலும் இது தங்கலாம். பெரும்பாலான பெண்களுக்கும் ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை என்பதால், அந்தப் பெண்ணின் கணவருக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று யாராலும் உடம்பைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 12 கோடியே 90 லட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

அறிகுறி தெரிந்தாலும் நம் வீடுகளில் அதற்கு வேறு பெயர் காத்திருக்கிறது. வெள்ளைப்படுதல் என்றால் உடல் சூடு என்று வெந்தயத்தை ஊறவைக்கிறோம். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் நீர்க்கடுப்பு என்று மோரும் இளநீரும் குடித்து, கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுகிறோம். எரிச்சல் சில வாரங்களில் தானாக அடங்கும்போது சூடு தணிந்துவிட்டதாக நம்புகிறோம். ஆனால் கிருமி உள்ளேயே இருந்து, கருப்பையைத் தாண்டிக் கருக்குழாய் வரை ஏறி, அங்கே தழும்பை உண்டாக்கிவிடலாம். பல ஆண்டுகள் கழித்துக் குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகும்போதோ, கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்போதோதான் சிலருக்கு அது தெரியவருகிறது. தாய்க்குத் தொற்று இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அது பரவக்கூடும்.

பெரியவர்களிடையே பெண்ணுறுப்பு, ஆசனவாய், வாய் வழியான உடலுறவின் மூலமே இது பரவுகிறது. கழிவறை இருக்கையாலோ, துண்டாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவுவதில்லை. ஆணுறையை ஒவ்வொரு முறையும் முழுமையாகப் பயன்படுத்தினால் ஆபத்து பெரிதும் குறையும். இந்த இடத்தில் தம்பதிகளிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. சிகிச்சை பெறாத தொற்று மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். ஆகவே இந்த முடிவைக் கொண்டு யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு துணையை விசாரிப்பது நியாயமும் அல்ல.

பரிசோதனைக்கு வருவோம், ஏனென்றால் தவறுகள் மிகுதியாக நடப்பது எங்கள் மேசையில்தான். கிருமியின் மரபணுப் பொருளைக் கண்டறியும் பிசிஆர் வகைப் பரிசோதனையே இதற்கு ஏற்றது. இரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள்களைப் பார்க்கும் பரிசோதனையால் இப்போது தொற்று இருக்கிறதா என்று உறுதிசெய்ய முடியாது. ஆனாலும் அந்தச் சீட்டோடு பலர் வருகிறார்கள். ஆண்கள் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20 முதல் 30 மில்லிலிட்டரைக் குப்பியில் பிடித்துத் தர வேண்டும். சர்க்கரைக்கும் கிருமித்தொற்றுக்கும் நடுப்பகுதியைப் பிடித்துப் பழகியவர்கள், முதல் நீரை விட்டுவிட்டுக் குப்பியை நிரப்பித் தருகிறார்கள். நமக்குத் தேவையானது அந்த முதல் நீரில்தான் கழுவப்பட்டு வருகிறது. பெண்கள் பஞ்சுக்குச்சியால் தாங்களே எடுக்கும் பெண்ணுறுப்பு மாதிரி, மருத்துவர் எடுப்பதற்கு இணையாகவே துல்லியமானது. தொற்றக்கூடிய உறவு நடந்து இரண்டு வாரங்கள் ஆகும் முன் பரிசோதித்தால் தவறவிடும் வாய்ப்பு உண்டு.

சிகிச்சை எளிது. டாக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாட்கள் என்பதே இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்த்து, அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே தடவையாகக் கொடுக்கிறார்கள். டாக்சிசைக்கிளினை ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம். இரும்புச்சத்து மாத்திரையையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் அதே வேளையில் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிவிடும் என்பதால், நம் ஊர் வெயிலில் குடை அவசியம்.

ஒருமுறை வந்து குணமானால் மீண்டும் வராது என்ற பாதுகாப்பு இந்தத் தொற்றில் இல்லை. மனைவி ஏழு நாள் மருந்தை ஒழுங்காக முடித்தாலும், மருந்தே சாப்பிடாத கணவரிடமிருந்து எட்டாம் நாளே மீண்டும் தொற்றிக்கொள்ளலாம். எனவே கடந்த 60 நாட்களில் உறவு கொண்ட துணைகள் அனைவரும் சிகிச்சை பெற வேண்டும். இருவரும் மருந்தை முடிக்கும் வரை, ஒரே வேளை மருந்தானால் அதற்குப் பின் ஏழு நாட்கள் வரை, உறவைத் தவிர்க்க வேண்டும். செலவோ கூச்சமோ தடையாக இருந்தால், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளைக் கவனிக்கும் சுகவாழ்வு மையங்களில் இருவரும் இலவசமாகச் சிகிச்சை பெறலாம்.

மருந்து முடிந்த மறுவாரமே சரிபார்க்க வராதீர்கள்; இறந்த கிருமியின் எச்சமே தொற்று இருப்பதாகக் காட்டிவிடும். கர்ப்பிணிகள் நான்கு வாரங்கள் கழித்தும், மற்றவர்கள் மூன்று மாதங்கள் கழித்தும் வாருங்கள், துணையையும் அழைத்துக்கொண்டு.