டீசல் பில்லும் கிலோமீட்டர் நோட்டும்

2023 செப்டம்பரில், தணிக்கைக்காக ஆடிட்டர் மேஜையில் ஒரு பை நிறைய டீசல் பில்களைக் கொட்டினேன். பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். பங்க்கில் கொடுப்பது சூட்டில் அச்சாகும் தாள்; திண்டுக்கல் வெயிலில் வண்டியின் டாஷ்போர்டிலேயே கிடந்ததில் எழுத்தெல்லாம் போய்விட்டது.

நானும் அண்ணனும் பங்குதாரர்களாக பிஸ்கட், நொறுக்குத்தீனி ஏஜென்சி நடத்துகிறோம். ஒட்டன்சத்திரம், நத்தம், வத்தலக்குண்டு, சிறுமலை என்று தினம் ஒரு லைன். அதற்காக 2022 நவம்பரில் கூட்டு நிறுவனத்தின் பெயரில் ஒரு குட்டியானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி வாங்கினோம். கூட்டு நிறுவனத்துக்கு லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. ஆகவே கணக்கில் ஏறாமல் போகும் ஒவ்வொரு டீசல் பில்லும் எங்களுக்கு நேரடி நஷ்டம்.

விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று ஒரேயடியாகக் காட்டிவிட்டுப் போகும் எளிய வழியும் இருக்கிறது: பணமாக வந்ததற்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6. ஆனால் அந்த வழியில் போனால் டீசல், தேய்மானம் (வண்டி பழசாகி மதிப்புக் குறைவதற்கு ஆண்டுதோறும் எழுதும் செலவு) எதையும் தனியாகக் கழிக்க முடியாது. ஏஜென்சித் தொழிலில் செலவு போக அவ்வளவு நிற்பதில்லை. அதனால் முதலிலிருந்தே புத்தகம் எழுதி, தணிக்கை செய்துதான் கணக்குக் கொடுக்கிறோம்.

பில்கள் வெளுத்துவிட்டன என்றதும் நான் வேறொரு கணக்கை நீட்டினேன். அமெரிக்காவில் இருக்கும் மாமா மகன், அங்கே சொந்தத் தொழில் செய்கிறவர்கள் மைலுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்ளலாம், 2023-க்கு 65.5 சென்ட் என்று சொல்லியிருந்தான். அதே முறையில் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நானே ஒரு விலை வைத்து எழுதியிருந்தேன். ஆடிட்டர் பார்த்துவிட்டு, "வியாபாரத்துக்குக் கிலோமீட்டர் ரேட்டுன்னு நம்ம சட்டத்துல ஒண்ணும் கிடையாதுங்க. நிஜமா என்ன செலவாச்சோ அதுதான். அதுக்கு ஆதாரம் வேணும்" என்றார்.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. பங்க்கில் எங்களுக்குக் கடன் கணக்கு உண்டு. தினமும் டீசல் போட்டுவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவோம். மாதம் பதிமூன்றாயிரத்துச் சொச்சம், கடைகளில் வசூலான பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதும் வரிக் கணக்கில் செல்லாது. டீசல் உண்மை, வண்டி ஓடியது உண்மை, கொடுத்த விதம்தான் தப்பு. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதத்துக்கு 54,000 ரூபாய் அப்படியே போனது. வரியாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 17,000. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜிபே-யில் கட்டியிருந்தால் போதும். அவ்வளவுதான் விஷயம்.

தேய்மானத்திலும் ஒன்று தெரிந்துகொண்டேன். சொந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்குத்தான் 30. நவம்பரில் வாங்கியதால் அந்த நிதியாண்டில் 180 நாள்கூட ஓடவில்லை, ஆகவே முதல் ஆண்டில் பாதி, அதாவது 7.5 சதவீதம்தான். டீசல் ஜிஎஸ்டிக்குள் வராது என்பதால் அதில் திரும்ப எடுக்க எதுவும் இல்லை. ஆனால் சரக்கு வண்டி என்பதால் சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு எங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்க வேண்டும், நான் பல தடவை வாங்காமல் வந்திருக்கிறேன்.

அக்டோபரிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. தேதி, எந்த லைன், காலை மீட்டர், மாலை மீட்டர், டீசல் எத்தனை லிட்டர். கிலோமீட்டர் ரேட் இல்லாத ஊரில் இந்த நோட்டு எதற்கு என்று அண்ணன் கேட்டான். வண்டி சொந்த வேலைக்கும் ஓடினால் அந்தப் பங்கைச் செலவிலிருந்து கழிக்க வேண்டும். எது தொழில், எது வீடு என்று நோட்டு இருந்தால்தான் சொல்ல முடியும். பில்லில் வண்டி எண் போடச் சொல்லி, அங்கேயே போட்டோ எடுத்துவிடுகிறோம். வாரக் கடன், திங்கட்கிழமை ஜிபே. பஞ்சருக்கும் பேட்டாவுக்கும் வவுச்சர்.

ஆனால் அந்த நோட்டு எனக்குச் செய்த பெரிய உதவி வரியில் இல்லை.

2024 ஜனவரியில் டீசல் செலவு திடீரென்று ஏறியது. விலை ஏறவில்லை. 2022 மே மாதத்திலிருந்து சென்னையில் 94 ரூபாய் 24 காசு என்று அசையாமல் நின்ற காலம் அது, எங்கள் ஊரிலும் அதையொட்டித்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, அடுத்த ஞாயிறு மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுப்பேன். லிட்டருக்கு 18.5 கொடுத்த வண்டி 14.8-க்கு இறங்கியிருந்தது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள்தான் காரணம் என்று பார்த்தால், சமவெளியில் ஓடும் ஒட்டன்சத்திரம் லைனிலும் அதே இறக்கம். மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் எங்கோ போகிறது.

உண்மையைச் சொல்கிறேன், என் மனம் முதலில் டிரைவர் மேல்தான் போனது. இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, "நியூட்ரல்ல விட்டா தானா உருளணும் தம்பி, நிக்குது பாருங்க. ரெண்டு வாரமா இழுக்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார். பின் சக்கரத்து டிரம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. சரி செய்து, காற்றையும் பார்த்து, அடுத்த ஞாயிறு நிரப்பியபோது 18.2. அவர் இரண்டு வாரமாகச் சொன்னது என் காதில் விழவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தல். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது நோட்டில் கடைசியாக "குறை" என்று ஒரு பத்தி இருக்கிறது. அவர் என்ன எழுதினாலும் அன்று மாலையே பார்த்துவிடுகிறேன்.

அடுத்த தணிக்கையில், அக்டோபரிலிருந்து தொழிலுக்குப் போட்ட டீசலில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கப்படவில்லை. ஆடிட்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார். அண்ணன் கையெழுத்து: "அத்தை வீடு மாற்ற. 46 கி.மீ. சொந்தம்." நோட்டு எதற்கு என்று கேட்ட அதே அண்ணன்தான். அதற்கான டீசலை அவன் பங்குக் கணக்கில் பற்று எழுதிக்கொண்டோம்.