ஒரு பீர், இரண்டு ரோந்துப் படகுகள்

ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தின விடுமுறை. மேரிலாண்ட் மாநிலத்தில், அனாபொலிஸ் பக்கம் செசபீக் விரிகுடாவில் என் 19 அடிப் படகில் நான், மனைவி, பத்து வயது மகன், ஒரு நண்பர். மதியச் சாப்பாட்டோடு நான் ஒரு பீர் குடித்திருந்தேன். நண்பர் எத்தனை குடித்தார் என்று யாரும் எண்ணவில்லை.

நாலு மணி வாக்கில் நீல விளக்கோடு கோஸ்ட் கார்டு, அதாவது மத்திய அரசின் கடலோரக் காவல்படையின் படகு பக்கத்தில் வந்தது. என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். தப்பு ஒன்றும் இல்லை, சோதனைதான் என்றார்கள். ரோட்டில் காரை நிறுத்தப் போலீசுக்கு ஒரு காரணம் வேண்டும்; இவர்களுக்குக் காரணமும் வேண்டாம், வாரன்டும் வேண்டாம். 1790லேயே சுங்கப் படகுகளுக்குக் கொடுத்த அதிகாரத்தின் தொடர்ச்சியாம் இது. வீட்டுக்கு வந்தபிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பேர் ஏறினார்கள். பதிவுச் சீட்டு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தூக்கிப் போடும் மிதவை, தீயணைப்பான், விசில் எல்லாம் சரி. மகன் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். 21 அடிக்குக் குறைந்த படகில் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைப் போட்டே இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மாட்டியது ஃபிளேரில், அதாவது ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்திக் காட்டும் விளக்கில். அதன் 42 மாதக் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி: "குடித்தீர்களா?"

நண்பரின் காலடியில் காலி கேன்கள் உருண்டுகொண்டிருக்க, பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஒன்று என்றேன்.

ஆடுகிற படகில் நேர்கோட்டில் நடக்கச் சொல்ல முடியாதே, அதனால் உட்கார்ந்தபடியே டெஸ்ட். தலையை அசைக்காமல் பேனாவைக் கண்ணால் தொடர வேண்டும். விரலால் மூக்கைத் தொட வேண்டும். ஒரு உள்ளங்கையை மல்லாத்தி வைத்து, அதன்மேல் மறு கையைப் புரட்டிப் புரட்டித் தட்டிக்கொண்டே எண்ண வேண்டும். பதற்றத்தில் "ஒண்ணு, ரெண்டு" என்று தமிழில் ஆரம்பித்துவிட்டேன். டெஸ்ட் எடுத்தவர் சிரித்துவிட்டு மறுபடி எண்ணச் சொன்னார்.

இதற்குள் ரேடியோவில் கூப்பிட்டு, மாநில இயற்கை வளப் போலீஸின் படகும் வந்து சேர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மத்திய அரசு ஒரு கேஸ், மாநிலம் ஒரு கேஸ் என்று இரண்டு பக்கமும் அடி விழுமோ?

மாநில அதிகாரி பொறுமையாக விளக்கினார். இந்தத் தண்ணீரில் இரண்டு சட்டமும் செல்லும். ஆனால் மாநிலம் தனக்கென ஓர் ஆல்கஹால் வரம்பு வைத்திருந்தால், கோஸ்ட் கார்டும் அதையே எடுத்துக்கொள்ளும். இங்கே எப்படிப் பார்த்தாலும் ரத்தத்தில் 0.08 சதவீதம்தான். கோஸ்ட் கார்டு பிடிக்கும் ஆளைப் பெரும்பாலும் மாநிலப் போலீசிடம் ஒப்படைத்துவிடுவார்கள். கேஸ் மாநில நீதிமன்றத்துக்குப் போகும். குடித்துவிட்டுப் படகு ஓட்டுவதைத் தடுக்க, 2009லிருந்து 'ஆபரேஷன் டிரை வாட்டர்' என்ற பெயரில் ஜூலை 4ஐ ஒட்டி இரு தரப்பும் சேர்ந்தே ரோந்து போகிறார்களாம். நான் போய் மாட்டியது சரியாக அந்த வாரத்தில்.

அவர் நீட்டிய கருவியில் ஊதினேன். 0.02. போகலாம் என்றார்கள். ஃபிளேருக்கு மட்டும் எச்சரிக்கை எழுதி, சோதனை அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்தார்கள். "இன்றைக்கு வேறு யாராவது நிறுத்தினால் இதைக் காட்டுங்கள்."

படகுத்துறையை நெருங்கும்போது இன்னொரு ரோந்துப் படகு எங்கள் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி எழுந்து அந்தத் தாளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அவர்கள் பார்த்துவிட்டுக் கையசைத்துப் போய்விட்டார்கள்.